கிராணி வேடத்துக்கு யார்?

எங்கள் ஊரில் சில வாரங்களாக ஒரு பிணத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். பார்த்ததும் பிடித்துப்போகிற முகம் வேண்டும், நன்றாக வசனம் பேசவும் வேண்டும், ஆனால் படம் தொடங்கியதும் சுடப்பட்டுச் சாக வேண்டும். இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட், ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் போகிற வழியில் இருக்கும் தோட்டத்து ஊர். தேடும் குழு, காலையில் ஒட்டுக்கடைக்குப் பசியாற வரும் நாங்கள் ஐந்தாறு பேர். பாதிப் பேர் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டம் கைமாறியதும் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்தவர்கள். படம் ‘அந்த நாள்’. 1954-இல் வந்த அந்தப் படத்தை ஒரு தோட்டத்துக் கதையாகத் திரும்ப எடுத்தால் யார் யார் நடிக்கலாம் என்பதுதான் விவாதம். எடுக்கப்போகிறவர் யாரும் இல்லை, பணமும் இல்லை. அதனால்தான் பேச்சு இவ்வளவு சுதந்திரமாக நடக்கிறது.

காதல் படத்துக்கு ஆள் பார்ப்பது சுலபம். ஜோடிப் பொருத்தம் பார்த்தால் போதும். கொலை மர்மப் படத்துக்கு அப்படிப் பார்க்க முடியாது, ஏனென்றால் அதில் முகமே ஒரு தடயம். இரண்டே காட்சியில் வந்துபோகும் பக்கத்து வீட்டுக்காரர் வேடத்தில் பெரிய நடிகர் ஒருவர் வந்து நின்றால், ‘இவனை எதற்குக் கூப்பிட்டார்கள்?’ என்று பார்வையாளர் அப்போதே கணக்குப் போட்டுவிடுவார். கதாசிரியர் இரண்டு மணி நேரம் கட்டிக்காத்த ரகசியத்தை நடிகர் பட்டியல் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும். அகதா கிறிஸ்டியின் ரயில் கொலைக் கதையை 1974-இல் சிட்னி லூமெட் படமாக்கியபோது, பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் நட்சத்திரங்களாகவே போட்டார். ஷான் கானரி, இங்கிரிட் பெர்க்மன், லாரன் பகால், வனெசா ரெட்கிரேவ் என்று எல்லாரும் பெரிய ஆள் என்றால் யாரையும் தனியாகச் சந்தேகிக்க முடியாது. பெர்க்மனுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் அது காசு உள்ளவர்கள் செய்கிற வழி.

‘அந்த நாள்’ செய்தது வேறு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, சொன்னால் கொலையாளி யாரென்று தெரிந்துவிடும். படம் வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்தி, பார்த்துவிட்டு வரலாம்.

கதை 1943-இல் சென்னையில் நடக்கிறது. ஜப்பான்காரன் நகரத்தின் மேல் குண்டு போட்ட சமயம். ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் தன் வீட்டிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். போலீஸ் வருகிறது, பின்னாலேயே துப்பறியும் அதிகாரி சிவானந்தம் வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பிருந்த ஒரு பெண் என்று ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையும் சந்தேகத்தை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுகிறது. கடைசியில் தெரிவது, ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவர் என்பதும், அதைக் கண்டுபிடித்த மனைவி உஷாவோடு நடந்த மல்லுக்கட்டில் அவள் கையிலிருந்த துப்பாக்கி வெடித்துவிட்டது என்பதும்.

இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். அவ்வளவு பெரிய சங்கீதக்காரர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று அதற்குப் பேர். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்த பாதிப்பில் அவர் முதலில் இதை ஒரு நாடகமாக எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்திருக்கிறார். தரமில்லை என்று திருப்பிவிட்டார்கள். கதையில் ராஜன் ஏன் கெட்டுப்போகிறார் தெரியுமா? மலிவு விலையில் வானொலி செய்கிறேன் என்று அரசாங்கத்திடம் போய் நிற்கிறார், அவர்கள் திருப்பிவிடுகிறார்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இன்னொரு வேடிக்கை, ஜப்பானை எதிரியாக வைத்த கதையின் எலும்புக்கூடே ஒரு ஜப்பானியப் படம்.

ராஜன் வேடத்துக்கு முதலில் என். விசுவநாதன் என்பவரைப் போட்டுக் கொஞ்சம் படமும் பிடித்திருக்கிறார்கள். ஏவி. மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தி இல்லை. அதற்கு அப்புறம்தான் சிவாஜி கணேசன் வந்தார். அந்த மாற்றம்தான் படத்தையே மாற்றியது என்பது என் கட்சி. 1952-இல் ‘பராசக்தி’யில் நீதிமன்றத்தில் நின்று நியாயம் கேட்ட அதே ஆள், இரண்டு வருடத்தில் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறவனாக வருகிறார். நடுவில் ‘திரும்பிப் பார்’ படத்தில் கெட்டவனாக நடித்திருந்தாலும், தேசத்துரோகி என்பது வேறு ரகம். பிணமாகத்தான் அறிமுகம் ஆகிறார் என்பதால் நம் அனுதாபமும் முதலிலேயே அவர் பக்கம் போய்விடுகிறது. எதிரே பண்டரிபாய். ‘பராசக்தி’யிலும் அவர்தான் சிவாஜிக்கு ஜோடி. அமைதியான முகம், தழைந்த குரல், புருஷனை இழந்த துக்கம். அந்த முகத்தைப் பார்த்து ‘நீ எங்கே இருந்தாய்?’ என்று கேட்கக்கூட மனசு வராது. பண்டரிபாயின் முகம் படம் முழுக்கப் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

துப்பறியும் சிவானந்தமாக வந்த ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையும் எழுதியவர். முடிவு தெரிந்த ஆளே வந்து விசாரிக்கிறார்.

பெரியப்பா இந்தப் படத்தைத் தோட்டத்துத் திடலில் பார்த்தவர். மாதச் சம்பளம் போட்ட பிறகு ஒரு நாள் படம் ஓட்டுவார்கள். இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டி, ஜெனரேட்டர் போட்டு ஓட்டுவார்கள். முன்னால் பாய் விரிக்க இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். படம் அங்கேயும் தெரியும், எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக மாறித் தெரியும். பெரியப்பா எப்போதும் பின்பக்க ஆள். அதனால் அவரைப் பொறுத்தவரை சிவாஜி, எம்.ஜி.ஆர்., எல்லாருமே இடது கைக்காரர்கள். ‘அந்த நாள்’ பார்த்த மறுநாள், வேலைக்கு முன்னால் பேர் கூப்பிடுகிற பெரட்டில், துப்பாக்கி எந்தக் கையில் இருந்தது என்று முன்பக்கத்து ஆளுக்கும் பின்பக்கத்து ஆளுக்கும் பெரிய சண்டையே நடந்ததாம். ஆளுக்கு ஒரு சாட்சி சொல்கிற படத்தை இதைவிடச் சரியாக யாரும் பார்த்திருக்க முடியாது.

சரி, கதையைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவோம். ஊரையும் வேட்டியையும் மாற்றினால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 1943-ஐ, அப்போது ஜப்பான் பிடியில் இருந்த இந்தக் கரையிலிருந்து பார்த்தால் கதையின் முதுகெலும்பே திரும்பிக்கொள்கிறது.

அந்த அக்டோபரில் சென்னையில் குண்டு விழுந்தது. அதே மாதம் 17-ஆம் தேதி, சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஜப்பான்காரன் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் நடுக்காட்டில் ஒன்று சேர்ந்தன. 415 கிலோமீட்டர் நீளம். அதில் வேலை செய்து செத்த போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். பிடித்துப்போன ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்கிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்தக் கணக்குக்குள் பேர் இல்லாமல் கிடக்கிறார்கள். தண்டவாளம் சேர்ந்து நான்கே நாளில், 21-ஆம் தேதி, சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசைப் பிரகடனம் செய்தார். மறுநாள் அவருடைய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறந்தது. தோட்டத்துப் பெண்கள், பட்டணத்துப் பெண்கள் என்று பலர் சேர்ந்தார்கள். ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலனும் கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனும் அந்தப் படையில் இருந்தவர்கள்.

ஒரே மாதத்துக்குள் ஜப்பான் சென்னைக்கு எதிரி, தண்டவாளத்தில் எமன், நேதாஜிக்குக் கூட்டாளி. இந்த மூன்றும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கின்றன. ஒரு வீட்டில் அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அடுத்த வீட்டுப் பெண் காதுத்தோட்டைக் கழற்றி நேதாஜி நிதிக்குக் கொடுத்திருப்பாள். ஆகவே, ஜப்பானுக்கு உளவு சொன்ன ராஜன் துரோகி, அவனைக் கொன்ற உஷா தேசபக்தை என்ற சென்னைக் கணக்கு இங்கே செல்லாது. யாருக்குத் துரோகம் என்று முதலில் கேட்பார்கள்.

எங்கள் பதிப்பில் ராஜன் சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த வானொலி மெக்கானிக். ஜப்பான் ஆட்சியில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டால் உயிர் தப்புவது கஷ்டம். அவன் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. சாயங்காலம் அதில் சிங்கப்பூரிலிருந்து நேதாஜி பேச்சு கேட்கும், லயமே வாசலில் கூடி நிற்கும். நடுராத்திரியில் அதே பெட்டியின் முள் வேறு பக்கம் திரும்பும். ராஜன் காட்டுக்குள் இருக்கும் பிரிட்டிஷ் ஆட்களுக்குச் செய்தி சொல்கிறான். இதைக் கற்பனை என்று ஒதுக்க வேண்டாம். பிரிட்டனின் 136-ஆம் படைப்பிரிவு ஆட்கள் 1943-இல் நீர்மூழ்கியில் வந்து இறங்கியது இந்தப் பேராக் கரையில்தான். ஈப்போவுக்குப் பக்கத்தில் பாப்பானில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி, ‘ஜோசஃபின்’ என்று செல்லப் பேர் வைத்த ஒரு வானொலியை ஒளித்து வைத்து பிபிசி கேட்டுக்கொண்டிருந்தார், போராளிகளுக்கு ரகசியமாக மருந்தும் கட்டினார். 1943-இல் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் பிடித்துக்கொண்டு போய்ச் செய்த சித்திரவதையின் பாதிப்பு அவரை விடவே இல்லை. 1948-இல் இறந்தார். பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது.

அதனால் எங்கள் பட்டியலில் முதல் வேடம் அந்தப் பெட்டிக்கு. மரச்சட்டம், துணி போட்ட ஒலிபெருக்கி, பச்சை வெளிச்சத்தில் முள். சூடாக அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. பாட்டு இல்லாத படத்துக்கு இதைவிட நல்ல பின்னணி இசை கிடைக்காது.

ராஜனுக்கு வருவோம். கடையில் எல்லாரும் முதலில் சொன்ன பேர் விஜய் சேதுபதி. நல்ல நடிகர், மறுக்கவில்லை. ஆனால் ‘விக்ரம்’ படத்துக்கு அப்புறம் அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாலே ஏதோ செய்யப்போகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ராஜனுக்கு ரகசியம் இருப்பது முகத்தில் தெரியக் கூடாது. என் தேர்வு சிவகார்த்திகேயன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். 2024-இல் ‘அமரன்’ படத்தில் நாட்டுக்காக உயிர் விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனாக வந்தவர் அவர். அந்தச் சூடு ஆறுவதற்குள் அதே முகத்தை ராத்திரியில் முள்ளைத் திருப்புகிறவனாகக் காட்ட வேண்டும். ‘பராசக்தி’ பார்த்த கண்ணுக்கு ‘அந்த நாள்’ ராஜன் கொடுத்த அதிர்ச்சி அப்போதுதான் கொஞ்சமாவது கிடைக்கும்.

உஷாவுக்குச் சாய் பல்லவி. ‘அமரன்’ படத்தில் மேஜரின் மனைவி அவர்தான். கணவனை இழந்து அவர் நின்ற நிலையைப் பார்த்துத் தியேட்டரே அழுதிருக்கிறது. அப்படி ஒருமுறை நம்மை அழவைத்த முகத்தை, இரண்டாவது முறை அது விதவையாக நிற்கும்போது யார் சந்தேகிப்பார்கள்? பண்டரிபாய் செய்த வேலையை இன்றைக்குச் செய்ய இந்தச் சோடியை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

உஷாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவளை ஜான்சி ராணிப் படைச் சீருடையில் காட்டவே கூடாது. காக்கி போட்ட பெண் கையில் துப்பாக்கியைக் காட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அவள் படையில் சேராதவள், சேர முடியாதவள், வீட்டில் இருந்தபடியே மனசால் சேர்ந்தவள். அவள் கழுத்தில் தங்கத் தாலி இருக்காது, வெறும் மஞ்சள் கயிறு இருக்கும். தாலியை நேதாஜி நிதிக்குக் கொடுத்துவிட்டாள். முதல் காட்சியிலேயே, பிணத்தின் மேல் அவள் குனியும்போது, அந்தக் கயிறு திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும். வறுமை என்று நினைப்போம். ஜப்பான் காலத்தில் எல்லாரும் அடகு வைத்தார்கள், விற்றார்கள், மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள், ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து உப்பு வாங்கினார்கள். தடயத்தை நம் கண் முன்னாலேயே வைத்துவிட்டு, நாம் பார்க்காமல் இருக்கச் செய்வதில்தான் இந்த வகைப் படத்தின் ருசியே இருக்கிறது.

துப்பாக்கி எங்கிருந்து வந்தது? 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பான் படை பேராக்குக்குள் வந்தபோது வெள்ளைக்காரத் துரைமார்கள் காடியை, அதாவது காரை, எடுத்துக்கொண்டு தெற்கே ஓடிவிட்டார்கள். பங்களாவில் சாப்பாட்டு மேசை போட்டது போட்டபடி கிடந்ததாகக் கதை கதையாகச் சொல்வார்கள். ஓடின துரையின் மேசை இழுப்பறையில் இருந்த துப்பாக்கி யார் கைக்குப் போனது என்பதை ஒரு துணைக்கதையாக வைக்கலாம்.

பெரியப்பாவுக்கு இந்தத் தேர்வுகளில் ஒன்றும் பிடிக்கவில்லை. “நம்ம ஊர்ப் படத்துக்கு நம்ம ஊர் ஆள் வேணாமா?” என்கிறார். நியாயமான கேள்விதான். 2016-இல் ‘கபாலி’ வந்தபோது ரஜினியைத் தோட்டத்துப் பிள்ளையாகப் பார்த்து ஊரே விசிலடித்தது, ஆனால் அவர் வாயைத் திறந்ததும் சென்னை தெரிந்தது. எங்கள் பேச்சில் பால்மரம் கித்தா மரம் ஆகும், போலீஸ் மாத்தா ஆகும், ஜெயில் மறியல் ஆகும், வாக்கியம் ‘லா’ என்று இறங்கும். இரண்டு வாரப் பயிற்சியில் வருகிற காரியம் இல்லை. அதனால்தான் ராஜனைப் பட்டணத்து ஆளாக வைத்தேன். உஷாவையும் அவனோடு கப்பலில் வந்தவளாக வைத்துவிடலாம். மற்றவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்தவர்கள், இங்கத்திய நடிகர்கள்.

இங்கே ஆள் இல்லாமல் இல்லை. 2005-இல் தீபக் குமரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ தோட்டத்துக் கதைதான். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக வென்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தை அதில் பார்த்தபோது, திரையில் எங்கள் சமையற்கட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இந்த மண்ணின் பிள்ளைகள் தமிழ்நாட்டு மர்மப் படத்தில் கதாநாயகனாகவே நின்றிருக்கிறார்கள். கோலாலம்பூரில் பிறந்த ரவிச்சந்திரன்தான் 1967-இல் ‘அதே கண்கள்’ படத்தின் நாயகன்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். தமிழ்ப் படத்தில் மலாயா, சிங்கப்பூர் என்றாலே ரகசியத்தோடு வருகிற ஆள்தான். 1964-இல் வந்த ‘புதிய பறவை’ சிங்கப்பூரிலிருந்து திரும்பும் கப்பலில்தான் தொடங்குகிறது, சிவாஜி மறைக்கிற பழைய கதையும் அந்தப் பக்கத்ததுதான். அக்கரையில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும் என்பது கதாசிரியர்களுக்கு வசதி. எங்களுக்கு அக்கரை இதுதான், என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். அல்லது தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை.

இங்கேதான் கிராணி வருகிறார். மூலப் படத்தில் பக்கத்து வீட்டுக்காரராக வரும் சின்னையா எங்கள் பதிப்பில் தோட்டத்துக் கிராணி. தோட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துரை மேலே பங்களாவில் இருப்பார், தொழிலாளி கீழே லயத்தில் இருப்பான், இரண்டுக்கும் நடுவே செக்ரோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு கிராணி இருப்பார். யார் வேலைக்கு வந்தார், யாருக்கு அரை நாள், யாருக்கு எத்தனை வெள்ளி, எல்லாம் அவர் பேனாவில் இருந்தது. பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளி. அவர் வீடு தனி, அவர் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடமும் தனி.

ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் கேட்டபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வந்தது. கணக்கு வந்தால் பட்டியல் வேண்டும். பட்டியலை எழுதப் பேனாவும் பேர்களும் யாரிடம் இருந்தன? மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், குடும்பத்துக்கு அரிசி என்று சொல்லிக் கூட்டிப்போனவர்களும் உண்டு, லாரியை நிறுத்திக் கையைப் பிடித்து ஏற்றிப்போனவர்களும் உண்டு, பேர் வாசித்துக் கூப்பிடப்பட்டவர்களும் உண்டு. எண்பது வருடம் ஆகியும், இந்த ஊரில் ஒரு கிழவியிடம் போய் ஜப்பான் காலத்தைப் பற்றிக் கேட்டால், ஜப்பான்காரனைத் திட்டி முடித்ததும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பார்: பேர் எழுதியது யார்?

அதனால்தான் நடிகர் தேர்வில் எங்களுக்கு இவ்வளவு சிக்கல். 1954-இல் சென்னைப் பார்வையாளருக்கு மனைவி மேல் சந்தேகம் வராது, ஆகவே மனைவி கொலையாளி ஆக முடிந்தது. சுங்கை சிப்புட் பார்வையாளர் டிக்கெட் வாங்கும்போதே கிராணி மேல் சந்தேகத்தோடுதான் வருவார். யாரை எளிதாக நம்புவோம், யாரை எளிதாகச் சந்தேகிப்போம் என்பது ஊருக்கு ஊர் வேறு. மூலப் படத்தின் நடிகர்களுக்கு இணையான முகங்களைத் தேடினால் இது கிடைக்காது. இந்த ஊரின் சந்தேகம் எங்கே படிந்திருக்கிறதோ, அதன் மேல்தான் வேடங்களை அடுக்க வேண்டும். கிராணியை வில்லன் முகம் உள்ள ஒருவருக்குக் கொடுத்தால் படம் முழுக்க அவரை வெறுத்துவிட்டு, கடைசியில் ‘அடடா, அவர் இல்லையா’ என்று எழுந்து போவோம். கிராணி நாம் விரும்புகிற ஆளாக இருக்க வேண்டும். விரும்பிக்கொண்டே சந்தேகிக்கவும் வேண்டும். அதில்தான் நெஞ்சு வலிக்கும்.

செத்தவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கனவுப் பட்டியலின் சலுகை. அந்தச் சலுகையில் எனக்கு மலேசியா வாசுதேவன் வேண்டும். இந்த மண்ணில் பிறந்த குரல். கல்யாண வீடு, கோயில் திருவிழா, லாரிக்காரரின் காடி என்று எங்கள் வாழ்க்கையின் எல்லாப் பக்கத்திலும் அவர் பாடியிருக்கிறார். 1985-இல் ‘ஒரு கைதியின் டைரி’யில் வில்லனாகவும் மிரட்டியிருக்கிறார். பிரியமும் பயமும் ஒரே ஆளிடம். அவர் மெதுவாகச் செக்ரோலைத் திறந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேர் வாசித்தால், அந்தக் குரலுக்காகவே உட்கார்ந்து கேட்போம், தன் பேர் வந்துவிடுமோ என்று முதுகும் சில்லிடும். 2011-இல் போய்விட்டார். உயிரோடு இருப்பவர்களில் என் கை ‘ஜகாட்’டில் அப்பாவாக வந்த குபேன் மகாதேவன் பக்கம் போகிறது. அடிக்கவும் செய்வார், அடித்துவிட்டு அவரே உடைந்துபோகவும் செய்வார் என்று நம்பவைக்கிற முகம்.

ராஜனோடு தொடர்பிருந்த அம்புஜம் வேடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூலத்திலும் அது பழைய பாணிப் பாத்திரம்தான். நாடகக் கொட்டகையில் நடிக்கிற பெண்ணாக வைத்து, யாராவது ஒரு புதுமுகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

விசாரணை அதிகாரிதான் எனக்கு மிகவும் பிடித்த வேடம். 1943-இல் தோட்டத்தில் ஒரு தமிழன் செத்தால் யார் விசாரிக்கப்போகிறார்கள்? விசாரணை 1945 செப்டம்பரில் நடக்க வேண்டும். ஜப்பான் சரணடைந்து, பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்துவிட்டது. ராஜன் நம் ஆள் என்று அவர்கள் கோப்பில் எழுதியிருக்கிறார்கள், அவனைக் கொன்றது யாரென்று தெரிய வேண்டும். அனுப்பப்படுகிறவர் ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர். போருக்கு முன்னால் வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவர், நடுவில் ஜப்பான்காரனுக்கும் சல்யூட் அடித்தவர், இப்போது பழைய தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் எதிரில் இருப்பவர் அவரிடமே திருப்பிக் கேட்கலாம். பசுபதியைத் தவிர இதற்கு வேறு பேர் எனக்குத் தோன்றவில்லை. ‘சார்பட்டா பரம்பரை’யில் அவர் பேசாமல் நின்ற இடங்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

உண்மையைக் கண்டுபிடித்ததும் அவர் என்ன செய்வார்? அந்த நவம்பரில் தில்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மேல் வழக்கு தொடங்கியது, இந்தியாவே கொதித்தது. பிரிட்டிஷ்காரனின் வீரனைக் கொன்ற ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தால் பதவி உயர்வு, விட்டுவிட்டால் தூக்கம். கடையில் பாதிப் பேர் விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். ஆனால் அது நம் கையில் இல்லை, தணிக்கை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. ‘கபாலி’யின் முடிவையே இங்கே திரையிட்டபோது, அவர் போலீசில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்துப் போட்டுத்தான் முடித்தார்கள். ரஜினிக்கே அந்த நிலைமை என்றால் உஷா எம்மாத்திரம்?

படப்பிடிப்புக்கு இடம் வேறு பார்க்க வேண்டும். சுற்றிலும் செம்பனை ஆகிவிட்டது. ரப்பர் காட்டின் வெளிச்சம் அதில் வராது. பால்மரத்தடியில் காலை வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழும், செம்பனைக்கு அடியில் ஒரே இருட்டு. எல்பில் தோட்டத்துப் பக்கம் போகலாம் என்றார் ஒருவர். 1948 ஜூன் 16-இல் துரை ஒருவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டம் அது. அதே காலையில் பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இரண்டு பேர். கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் கொண்டுவந்த அவசரகாலம் பிறந்ததே அந்தக் கொலைகளில்தான். கொலைப் படத்துக்கு அந்த ராசி வேண்டாம் என்று பெரியப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

தம்பி பட்டாபி வேடம்தான் பாக்கி. மூலப் படத்தில் சொத்துத் தகராறு. லயத்தில் என்ன சொத்து? அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் என்ன வைப்பது என்று போன வாரம் பேசிக்கொண்டிருந்தோம். அரிசிப் பங்கீடு என்றார் ஒருவர், பெண் விவகாரம் என்றார் இன்னொருவர். மூலையில் எப்போதும் தனியாக உட்கார்ந்து தே ஓ என்கிற பால் போடாத டீ குடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். எங்கள் பேச்சில் ஒரு நாளும் கலந்துகொண்டதில்லை. அன்றைக்கு எழுந்து காசைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, எங்கள் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

“எங்க தாத்தா கிராணிதான்” என்றார். “முதல் பேரு அவரு தம்பி பேரு. அத எழுதாட்டி மத்தவங்க ஏற மாட்டாங்கன்னு.”

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டாபிக்கு யார் என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.